புகை எட்டாத இடத்தில் இருந்த கசிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் நான் நடத்தும் சிறிய கார் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இது. ஒரே வண்டி ஒரே புகாரோடு இரண்டு முறை வந்தது. முதல் முறை ஸ்மோக் மெஷின் போட்டு ஒரு கசிவைக் கண்டுபிடித்தோம், சரிசெய்தோம், வண்டியைக் கொடுத்துவிட்டோம். உண்மையான கோளாறு அப்போதும் வண்டிக்குள்ளேயே இருந்தது. அது பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால்தான் இதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

வண்டியும் புகாரும்

எட்டு வருடம் ஓடிய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், ஆட்டோமேட்டிக் கியர். 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றை ஏர் ஃபில்டரை அடுத்துள்ள எம்ஏஎஃப் சென்சார் அளக்கும் வகை. உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தினமும் அவரே ஓட்டுகிறார், பெரும்பாலும் நகருக்குள்தான்.

அவர் சொன்னது இது: "தம்பி, சிக்னல்ல பிரேக் மேல கால வெச்சு நின்னா வண்டி ஒரு மாதிரி நடுங்குது. ரெண்டு தடவை ஆஃப்பே ஆயிடுச்சு. அந்த மஞ்சள் லைட்டும் எரியுது."

ஜாப் கார்டில் எங்கள் பையன் எழுதியது: "ஐடிலில் நடுக்கம், செக் எஞ்சின் லைட்." (ஐடில் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது.) 'பிரேக் மேல கால வெச்சு' என்ற வார்த்தைகள் கார்டில் ஏறவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

முதல் வருகை

ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) இருந்தது. எஞ்சினுக்குக் காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ போகிறது என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து, கணக்குப்படி கொடுக்கும் பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை எஞ்சினின் கணினியான ஈசியு ஃபியூல் ட்ரிம்மாகக் காட்டும். ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம், அதாவது ஈசியு நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம், +19. எஞ்சினை 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் +5 பக்கம் வந்துவிட்டது.

இந்த அமைப்பு எங்களுக்குப் பழக்கமானதுதான். சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால், அந்தக் காற்று ஈசியுவின் கணக்கில் வராது. ஐடிலில் எஞ்சின் எடுக்கும் மொத்தக் காற்றே குறைவு, அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்காகிவிடும். வேகம் ஏறினால் அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. ஃபியூல் பம்ப்போ ஃபில்டரோ கோளாறு என்றால் இது தலைகீழாக இருக்கும்: வேகமும் சுமையும் ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். ஆகவே வேக்கம் லீக் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் ஓட்டை) என்று முடிவு செய்து ஸ்மோக் மெஷினை எடுத்தோம்.

மெஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே ஒரு சூடான கம்பி மினரல் ஆயிலை ஆவியாக்கும், அந்தப் புகையைக் குறைந்த அழுத்தத்தில் குழாய் வழியே தள்ளும். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை அடைத்து, இன்டேக்குக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் பாதை) புகையை ஏற்றினால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய இழையும் தெரியும். அமெரிக்காவில் 1996 முதல் பெட்ரோல் ஆவி அமைப்பில் 1 மில்லிமீட்டர் ஓட்டையையும், 2000க்குப் பிறகு அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் வண்டியே கண்டுபிடித்து லைட் போட வேண்டும் என்று விதி வந்தது. அத்தனை சிறிய ஓட்டையைக் கண்ணால் தேடுவது நடக்காத காரியம், அதனால்தான் இந்த மெஷின் அங்கே ஒர்க்‌ஷாப் தோறும் பரவியது. இங்கே இன்னமும் பல இடங்களில் கார்ப் கிளீனரை ஹோஸ் மேல் அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதை அடிப்பது தீயோடு விளையாடுவது. நான் அதை நிறுத்திப் பல வருடமாகிறது.

புகை ஏற்றிய இரண்டாவது நிமிடம், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் பின்னால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸின் வளைவில் புகை வந்தது. ஹோஸைக் கழற்றி மடக்கிப் பார்த்தோம், அடிப்பக்கம் வெடித்திருந்தது. ஆயில் டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கிலும் லேசாகப் புகை. இரண்டையும் மாற்றினோம். மறுபடியும் புகை ஏற்றினோம், எங்கும் வரவில்லை. பி0171 கோடை அழித்து ஸ்டார்ட் செய்தால் ஐடில் சீராக இருந்தது, ட்ரிம் +3.

பொதுச் சோதனையின்போது பிரேக் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்ததைப் பையன் கவனித்து ஊற்றி நிரப்பினான். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வண்டியை ஒர்க்‌ஷாப் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அன்று மாலையே கொடுத்தோம்.

இரண்டாம் வருகை

ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தார். அவினாசி ரோட்டு சிக்னல் ஒன்றில் வண்டி நின்றுவிட்டது, பின்னால் பஸ், ஹாரன். மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் கை நடுங்கிவிட்டது என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதே பி0171. புகையைத் திரும்ப ஏற்றினோம். இம்முறை எதுவுமே வரவில்லை. மெஷினின் கண்ணாடிக் குழாயில் இருக்கும் பந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, அதாவது உள்ளே போகும் புகை எங்கும் வெளியேறவில்லை.

இங்கேதான் தடம் மாற இருந்தோம். "லீக் இல்லைன்னா எம்ஏஎஃப் சென்சார் போயிருக்கும்ணே, மாத்திப் பார்ப்போம்" என்றார் மூத்த மெக்கானிக். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, காற்றைக் குறைத்துக் காட்டும் சென்சாரும் இந்தக் கோடைக் கொண்டுவரும். ஃபியூல் பிரஷர் பார்த்தோம், சரியாக இருந்தது. எம்ஏஎஃப் ஐடிலில் நொடிக்கு 2.1 கிராம் காட்டியது, இந்த அளவு எஞ்சினுக்கு அது ஏற்கத்தக்க எண். சென்சாரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. விலை அதிகம். அதோடு, ஊகத்தில் ஒரு முறை மாற்றிவிட்டால் அடுத்து எதை மாற்றுவது என்ற கேள்விதான் மிஞ்சும்.

ஸ்கேனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறுத்தியது. லாங் டெர்ம் ட்ரிம் +16. ஆனால் ஷார்ட் டெர்ம் ட்ரிம் -10. லாங் டெர்ம் என்பது பல நாள் ஓட்டத்தில் ஈசியு கற்றுக்கொண்டது, ஷார்ட் டெர்ம் என்பது இந்த நொடியில் அது செய்யும் திருத்தம். இரண்டையும் கூட்டினால் வெறும் +6. அதாவது, இவ்வளவு பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்று ஈசியு எங்கேயோ கற்று வந்திருக்கிறது, ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது அந்த நிலைமை இல்லை. தெருவில் இருக்கும் ஏதோ ஒன்று இங்கே இல்லை.

கோடு விழுந்த நொடியின் விவரத்தை ஈசியு சேமித்து வைத்திருக்கும், அதைத் திறந்தோம். வேகம் 0, ஆர்பிஎம் 780, எஞ்சின் சூடு 91 டிகிரி. நின்றுகொண்டிருந்த வண்டி. சிக்னல்.

அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சிக்னலில் வண்டி நின்றது. கியர் டி-யில் (டிரைவ்), அவருடைய கால் பிரேக்கில். நடுக்கம் தொடங்கியது. "இதைத்தான் தம்பி அன்னிக்கும் சொன்னேன்" என்றார்.

அன்றைக்கே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி பி-யில் (பார்க்) நிற்கும், யார் காலும் பிரேக்கில் இருக்காது.

கண்டுபிடித்த விதம்

திரும்பி வந்ததும் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். ஷார்ட் டெர்ம் ட்ரிம் -10லிருந்து ஏறி +9க்குப் போனது. மொத்தம் +25. எம்ஏஎஃப் 2.1லிருந்து 1.4க்கு இறங்கியது. ஓட்டை வழியாகக் காற்று வருவதால் ஆர்பிஎம் எகிறாமல் இருக்க ஈசியு த்ராட்டிலை மூடுகிறது, அதனால் சென்சார் வழியே போகும் காற்று குறைகிறது. காலை எடுத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. டாஷ்போர்டுக்கு அடியில் காதை வைத்தால் பெடல் பக்கம் 'ஸ்ஸ்' என்று தொடர்ச்சியான சத்தம். மிதித்த கணத்தில் கொஞ்சம் காற்றுச் சத்தம் வருவது இயல்பு, பிடித்திருக்கும்போது நிற்காமல் வருவது இயல்பல்ல.

எஞ்சினின் வேக்கத்தை வைத்து மிதியின் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை, கால் பிரேக்கில் இருக்கும்போதே, ஹோஸ் கிளாம்ப் போட்டு நெரித்தோம். சில நொடிகளில் நடுக்கம் நின்றது, ட்ரிம் இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது. கசிவு பூஸ்டருக்குள் இருக்கிறது.

அப்புறம் பூஸ்டருக்கான வழக்கமான சோதனைகள். எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்து, எஞ்சினை ஆஃப் செய்து 30 நொடி காத்திருந்தால் பெடல் அசையாமல் இருக்க வேண்டும். இந்த வண்டியில் பத்து நொடிக்குள் பெடல் காலை மேலே தள்ளியது.

புகை ஏன் இதைக் காட்டவில்லை? வேலை நடந்த இரவு முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் விடை எளிது. எஞ்சினுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போகலாம், எஞ்சினிலிருந்து பூஸ்டர் பக்கம் வரக் கூடாது. எஞ்சின் நின்றாலும் ஓரிரு மிதிக்காவது பூஸ்டரில் வேக்கம் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. எஞ்சின் ஓடும்போது காற்று உறிஞ்சப்படுகிறது, வால்வு திறக்கிறது. ஸ்மோக் மெஷினோ எதிர்த் திசையில் தள்ளுகிறது, வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்து மூடிக்கொள்கிறது. நாங்கள் ஏற்றிய புகை பூஸ்டரை எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும், யாரும் பிரேக்கை மிதிக்காததால் முதல் நாள் வெளியே வந்திருக்காது.

பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயாபிரம் இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. மிதிக்காதபோது இரண்டு அறைகளிலும் ஒரே வேக்கம், டயாபிரம் கிழிந்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது. மிதித்தால் பின் அறைக்குள் வெளிக்காற்று நுழையும். கிழிசல் இருந்தால் அந்தக் காற்று முன் அறைக்கும், அங்கிருந்து ஹோஸ் வழியாக நேரே எஞ்சினுக்கும் போகும். ஆக இது பிரேக்கை மிதித்தால் மட்டும் திறக்கும் ஓட்டை.

வால்வைக் கழற்றிவிட்டு, பூஸ்டருக்கே நேரடியாக, அரை பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் புகை கொடுத்துப் பார்த்தோம். பூஸ்டர் நிரம்பியதும் பந்து கீழே இறங்கியது. பெடலை மிதிக்கச் சொன்னேன். பந்து எழும்பியது, கொஞ்ச நேரத்தில் பெடல் கம்பியைச் சுற்றிப் புகை காருக்குள் வந்தது. உரிமையாளரும் குனிந்து பார்த்தார். (இந்தச் சோதனையை இனிச் செய்ய மாட்டேன், காரணம் கீழே.)

எடுத்த முடிவுகள்

வண்டியை ஓட்டிப் போக வேண்டாம் என்று சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அவருக்குப் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம், "மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. ஓடும்போது எஞ்சின் நின்றுபோனால், வேக்கத்தைத் தேக்கி வைக்க முடியாத இந்த பூஸ்டரில் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் பல மடங்கு அழுத்த வேண்டும். அப்போது அவர் ஒன்று சொன்னார்: "கொஞ்ச நாளாவே அழுத்தித்தான் மிதிக்க வேண்டியிருந்துச்சு தம்பி. எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்." முதல் நாள் பெடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை அன்றே சொல்லியிருப்பார்.

பூஸ்டருக்கு முன்னால் இருந்து பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் அதன் பின்பக்கம் ஈரமாக இருந்தது. பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே எங்கும் சொட்டவில்லை, டேங்கில் மட்டும் அளவு குறைந்தது. முதல் நாள் ஊற்றி நிரப்பியபோது நாங்கள் அழித்த தடயம் அதுதான். டயாபிரம் கிழிந்ததற்கு இந்த ஆயிலில் ஊறியதே காரணம் என்று நினைக்கிறேன், கிழிசலைச் சுற்றிய ரப்பர் மெத்தென்று உப்பியிருந்தது.

அவருடைய உறவினர் ஒருவர் உக்கடத்தில் பழைய பூஸ்டர் வாங்கிப் போடலாமே என்றார். விலை வித்தியாசம் உண்மையிலேயே பெரிது, அவர் கேட்டதில் தப்பில்லை. கதவு, பம்பர், ஆல்டர்னேட்டர் என்றால் நானே போய் வாங்கி வருவேன். எத்தனை வருட ரப்பர் என்று தெரியாத பூஸ்டரை மட்டும் போட முடியாது என்றேன். பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் இரண்டையும் புதிதாக மாற்றுவது என முடிவானது. மாஸ்டர் சிலிண்டரை விட்டுவிட்டுப் பூஸ்டரை மட்டும் மாற்றினால், புது டயாபிரமும் அதே ஆயிலில் ஊறும்.

பாகம் வர நான்கு நாள் ஆனது. பொருத்தும்போது அதிக நேரம் எடுத்தது பூஸ்டரின் புஷ் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். அது குறைந்தால் பிரேக் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், கூடினால் பெடல் வெறுமனே கீழே போகும். மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து, மூடியில் போட்டிருந்த டாட் 3 ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்தோம்.

விளைவு

கால் பிரேக்கில் இருக்கும்போது ட்ரிம் +2, எம்ஏஎஃப் 2.1லேயே நின்றது. எஞ்சினை ஆஃப் செய்து பிடித்தால் பெடல் அசையவில்லை. ஏசி போட்டு, நெரிசலான நேரத்தில், 14 கிலோமீட்டர் நானே ஓட்டினேன். ஒவ்வொரு சிக்னலிலும் டி-யில் கால் பிரேக்கில் வைத்து ஸ்கேனரைப் பார்த்தேன்.

வண்டியை எடுக்க வந்தவர் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, "இவ்ளோ லேசா இருக்குமா?" என்று கேட்டார். முதல் வருகையின் லேபரைத் திருப்பிக் கொடுத்தோம். பிசிவி ஹோஸ் உண்மையாகவே வெடித்திருந்ததால் அதன் விலையைத் தானே கொடுப்பதாக வற்புறுத்தினார். ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் கூப்பிட்டுப் பார்த்தோம். லைட் வரவில்லை, பிரேக் ஆயில் அளவு கோட்டிலேயே இருந்தது.

என்ன மாற்றினோம், எதை மாற்றுவேன்

ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறோம், எங்கள் மொழிக்கு மாற்றி அல்ல. எந்த நிலையில் கோளாறு வருகிறதோ அதே நிலையை முதலில் உண்டாக்கிப் பார்க்கிறோம்: கால் எங்கே, கியர் எது, ஏசி உண்டா, எஞ்சின் சூடா.

புகை வரவில்லை என்றால், புகை எங்கெல்லாம் போனது என்பதையே இப்போது முதலில் கேட்கிறோம். பூஸ்டர் மட்டுமல்ல. பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு, கரண்ட் இல்லாதபோது மூடியே இருக்கும், அதைத் தாண்டியும் புகை போகாது. (பெட்ரோல் டேங்க் பக்கம் சோதிக்கும்போது சாதாரணக் காற்றைத் தள்ளாமல் நைட்ரஜன் பயன்படுத்துங்கள். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலப்பது ஆபத்து.) ஐடிலில் ஓடும் எஞ்சின் சுமார் 9 பிஎஸ்ஐக்கு உறிஞ்சுகிறது, மெஷின் தள்ளுவதோ ஒரு பிஎஸ்ஐக்கும் கீழே. உறிஞ்சும்போது மட்டும் வாய் பிளக்கும் வெடிப்பு, தள்ளும்போது மூடியே இருக்கலாம். எஞ்சின் அசையும்போது மட்டும் திறக்கும் வெடிப்பும் உண்டு, அதனால் ரப்பர் குழாய்களைக் கையால் வளைத்தபடியே புகையைப் பார்க்கிறோம். சைலன்சர் வழியே புகை வந்தால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வுகள் வழியாக அது வரத்தான் செய்யும்.

ஒரு கசிவு கிடைத்தால் தேடுவதை நிறுத்தும் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஹோஸை மாற்றியதும் ட்ரிம் சரியாகிவிட்டது, அதை நம்பிவிட்டோம். இப்போது லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் இரண்டையும் சேர்த்தே கார்டில் எழுதுகிறோம். முதல் நாளே ஷார்ட் டெர்ம் மைனஸில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், எழுதி வைக்காததால் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பூஸ்டருக்குள் நேரடியாகப் புகை விட்டது தவறு. புகை என்பது மினரல் ஆயில்தான், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போல பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பருக்கு மினரல் ஆயில் ஆகாது. அன்று அவை இரண்டும் எப்படியும் மாற்றப்பட வேண்டியவை என்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. நல்ல நிலையில் இருந்திருந்தால் நாங்களே கெடுத்திருக்கலாம். ஹோஸை நெரித்துப் பார்ப்பதும், கையால் இயக்கும் வேக்கம் பம்ப்பைப் பூஸ்டரில் மாட்டி, பெடலை மிதித்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பதுமே போதும். அந்தப் பம்ப்பை இப்போது ஸ்மோக் மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

பிரேக் ஆயில் குறைவாக இருந்தால், பேட் தேய்மானத்தைப் பார்க்காமல் யாரும் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பேட் தேயும்போது அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. பேட் புதிதாக இருந்தும் அளவு குறைந்திருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி அதன் பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.